ஏழாவது மடிப்பு

மார்ச் 3
இன்றும் வந்தது. எங்கள் கணினி மாடல் வெறும் இரைச்சலில், தாறுமாறாகச் சிதறிய புள்ளிகளில், தொடங்கும். அதைப் படிப்படியாக நீக்கி, தலைவலி மருந்தின் மூலக்கூறு எப்படியெல்லாம் மடங்கும் என்று வரைந்து காட்டும். ஆறு மடிப்புகள் தெரிந்தவை. ஆயிரத்தில் ஒன்று மட்டும் ஏழாவதாக, முழங்கையைப் பின்பக்கம் மடக்கியதுபோல. இப்படி வருபவற்றுக்கு ஆய்வகத்தில் பேய் என்று பெயர். வழக்கம்போல் பேயோட்டினேன், அதாவது வடிகட்டியில் தள்ளினேன். துல்லியம் தொண்ணூற்றொன்பது சதவீதம். ஆய்வகத் தலைவருக்கு முகமெல்லாம் பல்.

மார்ச் 5
தொடக்க இரைச்சலை மாற்றிப் பார்த்தேன். வந்தது.

மார்ச் 6
வேறு கணினி, முதலிலிருந்து பயிற்சி கொடுத்த மாடல். அதே வளைவு, அதே கோணம். தப்பு என்றால் தினம் ஒரு தினுசாக அல்லவா வர வேண்டும்? பக்கத்து மேசைக்காரர் சிரிக்கிறார்: "பேய்க்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு மேடம்."

மார்ச் 9
தங்கை போன் செய்தாள். "அக்கா, முதல் ஊசி போட்டாச்சு. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல." இதே மருந்தை ஆட்களுக்குப் போட்டுப் பார்க்கும் சோதனைதான். சேரச் சொன்னதே நான்தான். அடுத்த ஊசி பதினாறாம் தேதி.

மார்ச் 11
மனசு கேட்கவில்லை. வடிகட்டியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மடிப்புக்கும் ஆற்றலைக் கணக்கிட்டு (ஆற்றல் குறைந்த மடிப்புதான் நிஜத்தில் அதிகம் இருக்கும்) அதற்கேற்ற எடை கொடுத்தேன். மாடல் ஆயிரத்தில் ஒன்று என்றது, எடை போட்டதும் ஐந்தில் ஒன்று ஆகிவிட்டது. பயிற்சித் தரவில் இல்லாததை மாடல் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறது. நான்தான் தினமும் அதன் வாயை அடைத்திருக்கிறேன். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் –

மார்ச் 12
தலைவர்: "தரவுலயே இல்லாதது எப்படிம்மா நிஜமாகும்?" எடைகளைக் காட்டினேன். அவரே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு சோதனையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மார்ச் 14
நிறுத்திவிட்டார்கள். வேதியியல்காரர்கள் மருந்துக் குப்பியிலேயே தேடினார்களாம். இருக்கிறது. ஐந்தில் ஒன்று. அந்த மடிப்பு நரம்போடு ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

மார்ச் 20
தங்கை வீட்டுக்குப் போனேன். ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள். என்மேல் கோபம் வேறு: "தலைவலி விட்டுச்சேன்னு சந்தோஷமா இருந்தேன். கெடுத்துட்டியே!" கொதிக்கக் கொதிக்க டீ கொண்டுவந்தாள். தம்ளரை வாங்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டேன், அப்படிச் சுட்டது. அடுப்படியிலிருந்து அதை வெறும் கையால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். விரல்கள் செக்கச்செவேல் என்று இருந்தன.
"சுடலையா?"
"எது?" என்றாள்.