நாற்பது பாடமும் ஒரு தபாலும்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ அப்பா என்று கூப்பிட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன், அதற்குள் உன் தங்கை வாலு போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கண்ணாடிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. நேற்று ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே, கண்ணாடி தொலைந்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து கொடுங்கள் என்று வந்து நின்றார். முதலாளி என்னைப் பார்க்க, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்படி ஊர்க்கதை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். ஆனால் நான் ஒரு பாவம் செய்துவிட்டேன் அம்மா, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன்னைப் போலவே வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன் என்று வாலு சொல்லிக்கொண்டிருந்தது உனக்கே தெரியும். பதினோராம் வகுப்பு தொடங்கியதுமே ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். பள்ளி முடிந்ததும் இங்கிலீஷ் பட்டம், அப்புறம் ஆசிரியர் பயிற்சி, இரண்டு வருஷம் இங்கேயே வேலை, அதற்கப்புறம் அக்கா இருக்கிற ஊர். அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, இப்பவே ஆரம்பிச்சாத்தான் பழக்கம் வரும், இங்கிலீஷ் தெரியாத ஒருத்தருக்கு நாப்பது பாடம் சொல்லிக்குடு, நானே வந்து அவங்களைக் கேட்டுப் பாக்கறேன், தேறிட்டா சனிக்கிழமை சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க உன்னைச் சேத்துக்கறேன் என்று சொல்லியிருக்கிறார். தெரியாத ஒருத்தருக்கு எங்கே போவாள்? வீட்டிலேயே ஒரு மக்கு இருக்கிறேனே.

காலை ஆறரைக்கு என்னை எழுப்பி உட்கார வைத்துவிடுவாள். வீட்டுப்பாடம் எழுதாத அன்றைக்கு எனக்கு டீ கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் நோட்டில் எழுதுவாள், அப்பா இன்னைக்கு எங்கே திணறினார், நாளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நன்றாகவே வந்தது. கடையைத் திறப்பதிலிருந்து ஷட்டரை இறக்குவது வரை நான் செய்கிற வேலை முழுவதையும் இங்கிலீஷில் சொல்வேன். கடைக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரரோடு தனியாகவே பேசி பிரேம் எடுத்துக் கொடுத்தேன், அன்றைக்கு என் பெருமையைப் பார்க்க வேண்டுமே! முப்பத்து மூன்றாவது பாடத்தில், பத்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். இதே வீட்டில் என்றேன். யாரோடு என்று கேட்டாள். அவள் பாடத்துக்காகத்தான் கேட்டாள், குழந்தை. அதற்குள் அவளும் போயிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. புரியவில்லை என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து தெரிந்ததையும் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார், தலைகீழாகத் தெரிந்த பாடம், நான் பேந்தப் பேந்த விழித்தேன். ஒரு படத்தைக் காட்டி மேசைமேல் என்ன இருக்கிறது என்று கேட்டார், ஏதோ உளறினேன். டீச்சருக்குப் பின்னால் நின்றுகொண்டு வாலு வாயசைத்து வாயசைத்துச் சொல்லிக்கொடுத்தாள், அதையும் பார்க்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். பரவாயில்லம்மா, சொல்லிக்குடுக்கறது எல்லாருக்கும் வந்துடாது என்று டீச்சர் எழுந்துவிட்டார். வாலு அழவில்லை. அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்க மனசு கஷ்டப்படாதீங்கப்பா, உங்கமேல தப்பில்ல, எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியல, மன்னிச்சுடுங்க என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் அம்மா, என்னிடம்! மறுநாள் அலமாரிக் கதவில் காலண்டர் தாள் இல்லை. பக்கத்துக் காலேஜிலேயே கணக்கு ஏதாவது படிக்கிறேன், உங்ககூடவே இருந்துடறேன் என்கிறாள். நான் ஆசைப்பட்டது அதுதான். கிடைத்தபிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வகுப்பில் கையைத் தூக்குவதே இல்லையாம், யாராவது பாடத்தில் சந்தேகம் கேட்டால்கூட எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாளாம்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்து, சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன், வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னேன் என்று. என்னைத் தேத்தறதுக்குக் கதை கட்டாதீங்கப்பா என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். கடகடவென்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிக் காட்டினேன். இந்தப் பத்து நாள்ல எனக்காக மனப்பாடம் பண்ணீங்களா என்று கேட்டுக் கண் கலங்கினாள். டீச்சரிடம் போய்ச் சொன்னேன், அவரும் சிரித்து, எல்லா அப்பாவும் இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். தன் பெண்ணின் வழியை அடைக்கிற அப்பா ஒருவன் இருப்பான் என்று யாருமே நம்பவில்லை. நீ சொன்னால் அவள் நம்புவாள். நான் அப்படிப்பட்டவன்தான் என்பதற்கு உன்னிடமே சாட்சி இருக்கிறது, அது உனக்கே தெரியாது.

உனக்கு முதல்முதலாக வேலை கொடுத்து வந்த தபால், தேதி தாண்டி வந்ததே, நினைவிருக்கிறதா? தபால்காரரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினாய். அந்த மனுஷர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர் அதைச் சரியான நாளிலேயே கடையில் என் கையில் கொடுத்துவிட்டார். ஒன்பது நாள் லென்ஸ் டப்பாக்களுக்கு அடியில் வைத்திருந்துவிட்டு, அன்றைக்குத்தான் வந்தது என்று உன்னிடம் கொடுத்தேன். இடம் போய்விட்டால் நீ இங்கேயே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். அவர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? நீ சேர்ந்த பத்தாவது மாதம் உன் அம்மா படுத்தாள். ஒரு வருஷம் முடியாமல் லீவு இல்லை என்று உன்னை விடவில்லை. முதல் தபாலிலேயே போயிருந்தால் உனக்கு அதற்குள் ஒரு வருஷம் முடிந்திருக்கும், நீ வந்திருப்பாய், அவள் முகத்தைப் பார்த்திருப்பாய். கடைசி இரண்டு நாளும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாலு வருஷமாக நீ போனில், நான் வராம போயிட்டேனேப்பா என்று அழும்போதெல்லாம், உன் தப்பு இல்லைம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் தப்பு என்று சொல்லவில்லை.

இதை அப்படியே வாலுவிடம் சொல். ஒன்றையும் மறைக்காதே, எனக்காகப் பார்க்காதே. சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுக்க இருபத்தெட்டாம் தேதிவரைதான் நேரம், மறந்துவிடாதே. டீச்சரின் போன் நம்பரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அவரிடமும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு குளிரில் ஓடாதே. நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும், என் கண்ணே, அது ஒன்றுதான் நான் கேட்கிறது. இனி என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, நான் தாங்கிக்கொள்வேன். அவளோடு மட்டும் இன்றைக்கே பேசிவிடு.

இப்படிக்கு,
உன் தபாலை ஒளித்து வைத்த
அப்பா