நிருபம் வாசித்த நத்தார்

யேசு மரி சூசை

நெடுந்தீவு
2.12.1971

என் அன்புத் தங்கச்சி மேரிறோசுக்கு,

ஞானசவுந்தரி அக்கா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அவரும் பிள்ளைகளும் மாதாவின் துணையால் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் செபமாலையில் ஒரு மணி சேர்த்து உருட்டுகிறேன். இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. ரீச்சர் ஆனதும் அக்காவை மறந்துவிட்டாயா?

இங்கே மழை. கடலில் லோஞ்சு மூன்று நாள் ஓடவில்லை. பலகாரத்துக்கு மாவும் சீனியும் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் பாலன் பிறப்புக்கான நத்தார் வேலை நிற்கவில்லை. உன் ஐயா வழக்கம்போல் தான் சுட்ட சுண்ணாம்பைக் கொண்டுவந்து கோயிலுக்கு வெள்ளையடிக்கிறார். ஒரு சதம் வாங்கமாட்டார். நேற்று ஏணியில் நின்றபடியே, "பிள்ளை நத்தாருக்கு வருகுதாம், நாச்சியார்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். முகம் முழுக்கச் சுண்ணாம்பு. அதற்குள்ளும் ஒரு சிரிப்பு.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். கோபிக்காதே. நத்தார்க் காலைப் பூசையில் நீ வேதப் புத்தகத்திலிருந்து நிருபம் வாசிக்கவேண்டும் என்று கோயிலின் புதுச் சுவாமி உனக்கு எழுதியிருக்கிறாராம். பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த நாளிலிருந்து மூப்பர் என்ற முறையில் என் அவர்தான் வாசித்து வந்தவர். அவர் வாசிப்பது சனத்துக்கு விளங்கவில்லை என்று சுவாமி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதுவே பெரிய அவமானம். அதற்கு மேல், தூணுக்குப் பின்னால் இருந்து பூசை காணும் ஆட்களில் ஒருத்தி கிராதி அடைப்பைத் தாண்டி வந்து பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பதென்றால் எங்கள் பக்கத்துச் சனம் பொறுக்குமா? நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிறார்கள்.

தொண்டை கட்டிவிட்டது என்று சுவாமிக்கு இரண்டு வரி எழுதிவிடு. அடுத்த வருடம் பார்க்கலாம். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். நத்தாருக்கு வா. உனக்கென்று பயத்தம் பணியாரம் எடுத்துவைப்பேன்.

உன்னை மறவாத அக்கா,
ஞானசவுந்தரி

*

பூவரசங்குளம்,
வவுனியா
9.12.1971

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதாமல் இருந்தது என் பிழைதான். பரீட்சைத் தாள்கள் மலைபோல் கிடந்தன. ஐயா ஏணியில் நின்று சிரித்ததை வாசித்து நானும் சிரித்தேன்.

என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா. பொய் எழுதச் சொல்லாதீர்கள்.

மேற்றிராணி ஆண்டவர் எங்கள் கோயிலுக்கு வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட மதர் பழக்கிய இலத்தீன் பாட்டு. நீங்கள் கிராதிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு வாயை அசைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பாடினேன். ஆண்டவர் உங்கள் தலையில் கைவைத்து, நல்ல குரல் என்றார். பூசை முடிந்ததும் நீங்கள் கோயிலின் பின்பக்கம் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். "இது உன்ரை குரலடி, உன்ரை குரல்" என்று அழுதீர்கள். என் அம்மா பயந்துபோய், "நாச்சியார், ஆரும் பாத்தால் பிசகு" என்று உங்களை விலக்கிவிட்டா. எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்துதான் உங்களை நான் அக்கா என்கிறேன்.

நத்தாரைப் பற்றி இங்கே பிள்ளைகளுக்கு நான் படிப்பிப்பது ஒன்றுதான். கடவுள் மேலேயிருந்து இறங்கி வந்தார். இறங்கி வந்தவரைக் கும்பிடுவதற்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம் என்று நிற்பதை அவர்களுக்கு என்னால் விளங்கப்படுத்த ஏலாது.

"அவர்கள் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அக்கா? அதை எழுதவில்லையே.

வாசிக்கிறேன் என்று சுவாமிக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். மற்றவர்கள் எப்படியும் போகட்டும், நீங்கள் இருந்து கேளுங்கள். எனக்கு அது போதும்.

அன்புத் தங்கை,
மேரிறோஸ்

*

பூவரசங்குளம்
4.1.1972

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தார் முடிந்து நான் ஊரில் நின்ற நாலு நாளும் உங்கள் வீட்டுப் படலை திறக்கவில்லை. அதனால் இங்கே வந்து எழுதுகிறேன்.

நான் கிராதியைத் தாண்டிப் போனேன். புத்தகத்தை விரித்து முதல் வரியைத் தொடங்கினேன். உங்கள் அவர் எழுந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டார். அந்தச் சத்தம் கோயில் முழுவதும் கேட்டது. பிறகு ஆண்கள் பக்கம் வரிசை வரிசையாக எழுந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு பெண்களும் எழுந்தார்கள். நான் வாசிப்பை நிறுத்தவில்லை. ஒரு கண்ணால் உங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கொஞ்ச நேரம் இருந்தீர்கள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தீர்கள். பாலன் குடிலைக் கடந்தபோது நின்று முழந்தாளிட்டுச் சிலுவை போட்டீர்கள். அதன் பிறகுதான் வெளியே போனீர்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, அக்கா. குழந்தைக்கு மரியாதை செய்துவிட்டுப் போனீர்கள்.

முன்பக்கம் வெறும் நிலத்தைப் பார்த்து நான் கடைசி வரி வரையும் வாசித்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. வாருங்கள் என்று சுவாமி இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. பயம்.

நேற்று அம்மாவின் கடிதம் வந்தது. உங்கள் வளவுக் கிணற்றடியில் காத்து நின்று வாங்கும் இரண்டு குடம் நல்ல தண்ணீரும் நின்றுவிட்டதாம். ஐயா சுண்ணாம்புக்குக் கல் எடுக்கும் இடத்திலும் முள்ளடைத்துவிட்டார்களாம். எழுபது வயது மனுசன், இப்போது தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிறார். வாசித்தவள் நான். கோபமென்றால் என்னோடு தீருங்கள். அவர் என்ன செய்தார்?

பதில் எழுதுங்கள்.

மேரிறோஸ்

*

நெடுந்தீவு
20.1.1972

தங்கச்சி மேரிறோசுக்கு,

உன் கடிதத்தை அவருக்குக் காட்டாமல் அடுப்படிக் குசினிக்குள் இருந்து வாசித்தேன். நீ எழுதிய விதம் என்னை மிகவும் நோகச் செய்துவிட்டது. நான் எழுந்தது உனக்குத் தெரிந்தது. வாசற்படியில் நின்று அவர் என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியாது. நீ வாசித்துவிட்டு லோஞ்சு ஏறிவிடுவாய். நான் இந்த மனுசனோடும் இந்தச் சனத்தோடும் இருந்து சாகவேண்டியவள். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நாளைக்கு அவர்களுக்குச் சம்பந்தம் பேச யார் வருவார்கள்?

தண்ணீர் விஷயம் தீர்ந்துவிட்டது, கவலைப்படாதே. போன ஞாயிற்றுக்கிழமை உன் ஐயா எங்கள் படலையடிக்கு வந்தார். என் அவர் உடனே வெளியே போகவில்லை. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஆறுதலாகத்தான் போனார். உன் ஐயா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பிள்ளை அறியாமல் செய்துபோட்டுது, பொறுத்துக்கொள்ளுங்கோ நயினார்" என்று கேட்டார். "முழந்தாளிலை நிண்டு கேள்" என்றார் அவர். கேட்டார். அதோடு அவர் மனம் இரங்கிவிட்டது. அன்றைக்கு நானே என் கையால் இரண்டு குடமும் நிறைய ஊற்றிவிட்டேன். பாவம், கிழவன், பாதியை வழியிலேயே சிந்திக்கொண்டு போனார்.

நீயும் இனி இதைப் பெரிதுபடுத்தாதே. எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அக்கா,
ஞானசவுந்தரி

*

யே. ம. சூ.

நெடுந்தீவு
10.12.1972

என் அன்புத் தங்கச்சி மேரிறோசுக்கு,

மாசி மாதத்தில் நீ வந்து ஐயாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனபோது என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பிறகு நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. போகட்டும், பாலன் பிறக்கும் மாதத்தில் மனக்கசப்பு ஏன்?

ஒரு நல்ல செய்தி. எங்கள் கோயிலில் சமாதானம் வந்துவிட்டது. அந்தச் சுவாமியை மாற்றிவிட்டார்கள். இப்போது வந்திருப்பவர் வயதானவர், தங்கமான மனுசன். அவரவர் இடத்தில் அவரவர் இருங்கள் என்கிறார், ஒரு சச்சரவும் இல்லை. நிருபம் திரும்பவும் என் அவரே வாசிக்கிறார். போன கிழமை பிரசங்கத்தில் சுவாமி, பூமியில் நல்ல மனம் உள்ளவர்களுக்குச் சமாதானம் என்பதைப் பற்றி அழகாகச் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உன்னைத்தான் நினைத்தேன்.

கோயிற் சுவர்தான் பார்க்க ஏலாமல் பாசி பிடித்துக் கிடக்கிறது. வேறு ஆளைப் பிடித்தால் கூலி கேட்கிறார்கள். உன் ஐயா நத்தாருக்கு முன் ஒரு கிழமை வந்து அடித்துத் தந்தால் நல்லது என்று என் அவரே வாய்விட்டுச் சொன்னார். பார், அவருக்கு இப்போது மனதில் ஒன்றுமில்லை. நீயும் கூட வா. நாங்கள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்து முந்திப்போல் கதைக்கலாம்.

உன் பதிலைக் காத்திருக்கும் அக்கா,
ஞானசவுந்தரி

*

பூவரசங்குளம்
18.12.1972

ஞானசவுந்தரிக்கு,

ஐயா வெள்ளையடிக்க வரமாட்டார். நவம்பர் பதினாலாம் திகதி இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் கிடந்தார். ஊருக்கு நான் அறிவிக்கவில்லை.

அவர் உம்முடைய படலையடியில் முழந்தாளில் நின்றதை எனக்குச் சொன்னது நீர்தான். அவர் சொல்லவில்லை. உம்முடைய கடிதத்தை வாசித்த பிறகுதான் அவர்களைக் கூட்டிவர வந்தேன். லோஞ்சில் வைத்து, "ஏன் ஐயா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "தண்ணிக்குத்தானே பிள்ளை" என்றார்.

நீங்கள் என்பதை விட்டு உம்மை நீர் என்று எழுத இவ்வளவு காலம் எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மதரிடம் படித்தவர்கள். வயதில் எனக்கும் உமக்கும் எட்டு மாதம்தான் வித்தியாசம்.

உமக்குப் பயம் என்பது எனக்கு அன்றும் விளங்கியது. பயந்து எழுந்ததற்காக உம்மை நான் வெறுத்திருக்கமாட்டேன். என் அம்மாவும் வாழ்நாள் முழுக்கப் பயந்தவதான். ஆனால் ஒரு கிழவன் முழந்தாளில் நின்றதைக் கண்ட பிறகும், எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எனக்கு எழுத உமக்கு முடிந்தது. இப்போது அதே மனுசனைக் கூலியில்லாமல் கூப்பிடவும் முடிகிறது. அதைச் சமாதானம் என்கிறீர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நான் கேட்ட கேள்விக்கு நீர் இன்றைக்கு வரையும் பதில் எழுதவில்லை. இனி வேண்டாம். எனக்கு ஒன்றும் எழுதவேண்டாம்.

தன்னைத் தீவில் அடக்கம் பண்ணச் சொல்லித்தான் ஐயா கேட்டார். கொண்டுவந்தால் கோயில் மணி அடிப்பதற்கும் குழி வெட்டுவதற்கும் உம்முடைய அவரின் படலையில் யாராவது போய் நிற்கவேண்டும். இனி எங்களில் ஒருவரும் அங்கே போய் நிற்பதில்லை.

இங்கேயே அடக்கம் செய்தோம். கோயில் இல்லாத ஊர். மாதம் ஒருமுறை பள்ளிக்கூட மண்டபத்தில் பூசை நடக்கும். செய்தி கேட்டு நாலு பேர் மண்வெட்டியோடு தாங்களாகவே வந்தார்கள். காட்டு மண், வேர் நிறைந்தது, மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். அவர்கள் என்ன ஆட்கள் என்று கேட்க அம்மா வாயெடுத்தா. நான் அவவின் கையைப் பிடித்து அமர்த்தினேன். வேலை முடிந்ததும் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. அவவின் கையால் வாங்கிக் குடித்தார்கள். ஒருவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். கோப்பையோடு அம்மா உள்ளே ஓடிப்போய், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, ஐயா இறந்த பிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதா.

மேரிறோஸ்