ஒரே இறக்கத்தில் மூன்று முறை

அன்பு மகள் லிட்சிக்கு,

இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் நலம். விமானம் நலமில்லை. நீ வலென்சியாவில் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மழை தொடங்கினால் நான்கு மாதம் நம் பண்ணை தீவு, அப்பாவின் இதயம் எப்படி என்று உனக்குத் தெரியும், வெள்ளத்தில் விமானத்தில் வந்து நம்மைத் தூக்கிப்போகும் ஹெர்னான் கண் மங்கி இந்த வருடம் பறப்பதை விட்டுவிட்டார். டிசம்பருக்குள் எனக்கு விமானம் ஓட்டும் உரிமம் வேண்டும். ஐம்பத்தொரு வயதில் ஏன் என்று இனிமேல் கேட்காதே.

வெள்ளிக்கிழமை முதல் முறையாகத் தனியாகப் பறந்தேன். பக்கத்து இருக்கையில், எனக்குப் பறக்கக் கற்றுத்தரும் காப்டன் ஒசினாகா இல்லை. ஏறியது நன்று. சுற்றியது நன்று. சக்கரம் தரையைத் தொட்டதும் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. நாற்பது வருடமாக நான் நிறுத்தியது குதிரைகளை மட்டும். இழுத்தேன். குதிரை என்றால் நிற்கும். விமானத்தில் ஓட்டும் பிடியை இழுத்தால் மேலே போகும். போனது. விழுந்தது. மறுபடி இழுத்தேன். மூன்றாவது முறை மூக்குச் சக்கரம் மடங்கி, முன்விசிறி தரையில் மோதி, எல்லாம் நின்றது. நான் "ஓ... ஓ... நில்லுடி" என்று கத்தியது ரேடியோவில் கேட்டதாம். உதட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

தனியாகப் பறந்து வந்தவர் தலையில் பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றுவது இங்கே வழக்கம். ஊற்றாவிட்டால் பறந்ததாகவே ஆகாது. மற்ற மாணவர்கள் வாளியோடு நின்றார்கள். ஒருவன், "நெல்வாம்மா, லாடம் கழண்டுபோச்சே!" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காப்டனைப் பார்த்தார்கள். அவர் வளைந்த விசிறியைப் பார்த்தார். பிறகு, "தனியா போனாங்க. தனியா வந்தாங்க. நடந்தும் வர்றாங்க. ஊத்துங்கடா" என்றார். என்னிடம், "சக்கரம் மாத்துனதும் என்கூட வாங்க. எறங்குறது மட்டும். நூறு வாட்டி" என்றார். ஊற்றினார்கள். அழுதது எண்ணெயில் தெரியவில்லை.

அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் என் தலையைத் துடைத்துவிட்டார். காதுக்குப் பின்னால் துடைக்கும்போது, "அந்த வண்டியில படுத்துக்க இடம் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். இல்லை. ஓர் இருக்கையைக் கழற்ற வேண்டும். எப்படி என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

மதியம் வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே, சோறு ஆக்கு. கன்னித்தாய் உன் கூடவே இருக்கட்டும். அப்பா போனில் பேசினால், அந்த இருக்கையைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது, சரியா.

உன் அம்மா,
நெல்வா