மூன்றாம் படிக்கட்டின் குருவிக்கூடு

மே 7
யோ-சான், இன்று சுற்றுப்பலகை வந்தது. குடியிருப்புச் சங்கத்து அறிவிப்பைக் கவ்வியில் செருகி வீடு வீடாகக் கைமாற்றும் அதே பலகைதான். நீங்கள் இருந்தவரை படித்துச் சொல்வீர்கள். எனக்குப் பாதி எழுத்து புரியாது. பேருக்கு நேராக முத்திரை குத்தி மேல்வீட்டு நாகயேயிடம் கொடுத்துவிட்டேன்.

மே 8
குப்பை போடும் இடத்தில் நாகயே பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்தாம் தேதி பொதுத் துப்புரவு. அன்றைக்கே நம் படிக்கட்டுத் தபால்பெட்டிக்கு மேலே உள்ள தகைவிலான் குருவிக் கூட்டை இடித்துவிடுவார்களாம். “நீங்களே சம்மதிச்சு முத்திரை வச்சிருக்கீங்களேக்கா!”

உள்ளே முட்டை இருக்கிறது. நானா சம்மதித்தேன்? படிக்காமல் குத்தினேன். நாகயேயும் படிக்காமல்தான் குத்தியிருக்கிறாள், பிறகுதான் பார்த்தாளாம். பலகையைத் திரும்ப வாங்கி என் முத்திரைமேல் கோடு கிழித்தேன்.

மே 10
பலகை என் வீட்டில்தான். தரமாட்டேன்.

மே 13
சங்கத் தலைவர் சுகயா வந்தார். எச்சம் தபால்மேல் விழுகிறது, மழையில் வழுக்குகிறது, வீட்டுவசதி விதியில் இதற்கு இடமில்லை என்று நின்றபடியே சொன்னார். தேநீர் வைத்தேன், குடிக்கவில்லை. என் ஒருத்தியால் இந்தப் படிக்கட்டின் பத்து வீட்டுச் சேதி நிற்கிறதாம்.

“அந்தப் பத்துப் பேர்ல எத்தனை பேர் படிச்சாங்க? கேட்டுட்டு வாங்க, தர்றேன்.”

“ஒரு கூட்டத்துக்காவது வந்திருக்கீங்களா, ஹதானோ-சான்?”

உண்மைதானே, நீங்கள்தானே போவீர்கள்.

ஆனால் பலகையைக் கொடுக்கவில்லை.

மே 18
கூட்டத்துக்குப் போனேன். வந்தது ஆறு பேர். மற்றவர்கள் “தலைவர் முடிவே எங்கள் முடிவு” என்று சீட்டு அனுப்பிவிட்டார்கள்.

எச்சத்தைக் காலையும் மாலையும் நான் கழுவுகிறேன், குஞ்சுகள் பறக்கும்வரை கூட்டைத் தொடாதீர்கள் என்றேன். தொடத்தான் செய்வோம் என்றால் அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருவேன், கம்பு என் தலையைத் தாண்டித்தான் போகணும்... இப்படி எங்கிருந்து பேச வந்தது எனக்கு?

“எங்க வீட்டுக்காரர் தினம் அதுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். அவர் இருந்தா இதுல முத்திரை வச்சிருக்கவே மாட்டார்.”

சுகயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, “இவ்வளவு பேசறவங்க இந்த வருஷம் படிக்கட்டுப் பொறுப்பையும் எடுத்துக்கலாமே” என்றார். யாரும் தொடாத வேலை அது. எவனோ சிரித்தான்.

“எடுத்துக்கறேன்.”

சிரிப்பு நின்றது. நாகயே முதலில் கை தூக்கினாள். நான்கு கைகள். கூடு இருக்கும். சீட்டுகளை எண்ணுவோமா என்று ஒருவர் கேட்டதற்குச் சுகயா, வந்தவங்க சொன்னதே போதும் என்றுவிட்டார்.

மே 25
துப்புரவு. நாற்காலியை எடுத்துக்கொண்டுதான் போனேன். யாரையும் நம்ப முடியாது.

ஜூன் 2
நான்கு வாய்கள். என்ன கத்தல்! இரண்டு தடவை கழுவினேன். முதுகு போச்சு.

ஜூன் 14
எல்லாம் பறந்துவிட்டன.

ஜூன் 16
பொறுப்பேற்றதற்காகச் சங்கத்துக் கோப்பு என் கைக்கு வந்தது. பழைய அறிவிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. போன அக்டோபர்த் தாளின் தலைப்பு எனக்குத் தெரிந்த எழுத்தாக இருந்தது. மே மாதம் பலகை என்னிடம் இருந்த பத்து நாளும் அதே தலைப்பை உற்று உற்றுப் பார்த்தவள் நான். நாகயேயிடம் காட்டினேன். அவள் படித்துச் சொன்னாள். வசந்தம் வந்ததும் கூட்டை அகற்றலாமா என்று கேட்டிருந்தார்களாம்.

கீழே மூன்றாவது கட்டத்தில் ஹதானோ. உங்கள் முத்திரை, கொஞ்சமும் கோணாமல்.

சுகயாவுக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் சொல்லவில்லை.

பரவாயில்லை. அடுத்த வருஷமும் கூடு இருக்கும், பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். நீங்களே எதிரில் நின்றாலும் நாற்காலியைப் போடுவேன்.

இது மட்டும் சொல்லுங்க, யோ-சான். என்னை மாதிரி படிக்காம குத்துனீங்களா, இல்ல படிச்சுட்டு எங்கிட்ட சொல்லாம விட்டீங்களா?