மூன்று ராசாக்கள் திருநாளில் உருவிய இலைகள்

சைகோன்,
26 ஜனவரி 1976

என் பிரியமுள்ள பொலேத் அக்காவுக்கு,

தங்கை ஐரேன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் மகள் மதலேனும் இங்கே உயிரோடு இருக்கிறோம். லியோனில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை. அடுத்த தெரு அரிகிருஷ்ணன் அண்ணன் குடும்பத்தோடு இந்த வார விமானத்தில் புறப்படுகிறார். அவர் சட்டைப்பையில் வருகிறது. அதனால் மனம்விட்டு எழுதுகிறேன்.

முதலில் உன் கறிவேப்பிலைச் சங்கதி. இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கிறது, தூக்கிப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே! தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. குளிருக்கு அது தூங்குகிறது, அவ்வளவுதான். தூங்குகிற செடிக்குப் போய்ப் புளித்த மோர் ஊற்றினாயாமே, நல்ல கூத்து! வீடெல்லாம் நாறுகிறது என்று அத்தான் கத்தாமல் என்ன செய்வார்? மோரெல்லாம் வெயில் வந்த பிறகு. இப்போது மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடு. சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்காதே, வெளிச்சம் வரும் சன்னலோரம் வை. குளிர்காலத்தையே கண்டிராதவள் உனக்குப் புத்தி சொல்கிறேன் பார். எல்லாம் என் வீட்டுக்காரர் அமலோர் சொல்லிக் கேட்டதுதான்.

இங்கே குளிர்காலம் என்றால் மழை நின்ற காலம் என்று உனக்குத் தெரியும். விடியற்காலையில் ஒரு சால்வை வேண்டும். வெயில் ஏறியதும் வேர்க்கிறது. தொட்டி மண் வெடித்துக் கிடக்கிறது. குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை. அரிசி கழுவின தண்ணீரைத்தான் மொட்டை மாடிக்குச் சுமக்கிறேன். வட்டாரக் குழுவிலிருந்து ஓர் அம்மாள் வந்து பார்த்துவிட்டு, பூவைத் தின்ன முடியுமா, கீரை போடக் கூடாதா என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. ரோசாவைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டிருக்கிறேன். அதன் தழையைத்தான் தினமும் வதக்குகிறேன். தொட்டியில் நிற்கும் அமலோருடைய மாய்ப் பூமரத்தை மட்டும் தொடவில்லை.

அவர் இன்னும் வரவில்லை அக்கா. போன ஜூன் மாதம் புதுச் சர்க்காரார் பாடம் படிக்க வா என்று கூப்பிட்டார்கள். பழைய சர்க்கார் ஆபீசில் டைப் அடித்தவருக்கு நாற்பது வயதில் என்ன பாடமோ! ஒரு மாதத்துக்கான துணிமணியோடு முகாமுக்குப் போனவர், போனவர்தான். ஒரே ஒரு கடிதம் வந்தது. உடம்பு நலம், நன்றாகப் படிக்கிறேன் என்று. தெருவில் ஆள் போன எல்லா வீட்டுக்கும் அதே வாசகம்தான் வந்தது.

இந்த மாதத் தொடக்கத்தில், இந்த ஊர்த் தெத் புத்தாண்டுக்கு எல்லாரையும் விடுகிறார்கள் என்று சந்தையில் ஒரே பேச்சு. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மாய் மரத்தின் இலையை முழுக்கக் கையால் உருவினால்தான் மொட்டு விரியும்; புத்தாண்டுக் காலையில் மஞ்சளாகப் பூத்தால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க நல்லது என்பார்கள். அமலோரின் அம்மா இந்த ஊர்ப் பெண் இல்லையா, அதனால் இவருக்கும் அதில் அத்தனை நம்பிக்கை. பூ நாள் தப்பாமல் விரிந்தால் அவர் வந்துவிடுவார் என்று என் மனசும் பிடித்துக்கொண்டது.

எப்போது உருவுவது என்பதில்தான் கோட்டை விட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராசாக்கள் திருநாளன்று நான் கீழே கிறிஸ்துமஸ் குடிலைக் கலைக்க, அவர் மாடியில் இலை உருவினார். அது நன்றாக நினைவிருந்தது. அதே திருநாளில் நானும் மதலேனும் உட்கார்ந்து ஓர் இலை விடாமல் உருவினோம். நம் கோவில் திருநாள் ஒரே தேதியில் நிற்கும், இவர்கள் புத்தாண்டு நிலாவோடு முன்னும் பின்னும் நகரும் என்பது, இத்தனை காலம் இங்கே இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை. பக்கத்து வீட்டுத் தூ அம்மாள் வெறுங்கிளையைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். பௌர்ணமி கழியட்டும் என்று இருக்கக் கூடாதா, ஏன் இத்தனை அவசரம் என்றாள்.

போன வாரமே பூத்துக் குலுங்கிவிட்டது. தொட்டியை நிழலுக்கு இழுத்தேன், ஈரத்துணி போட்டு மூடினேன், ஒன்றும் நடக்கவில்லை. இந்த வருஷம் தெத் மாதக் கடைசியில்தான், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கடைசி இதழையும் இன்று காலை பெருக்கி அள்ளினேன். மதலேன் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா வந்து பூ எங்கேன்னு கேட்டா, நான்தான் பறிச்சேன்னு சொல்லிடறேம்மா, உன்னைத் திட்டமாட்டாரு" என்றாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அழுதேன். சந்தைப் பேச்சும் அடங்கிவிட்டது. ஆள் வருவதாக ஒரு வீட்டுக்கும் செய்தி இல்லை.

பிரெஞ்சுக் கோன்சுலா ஆபீசில், பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் எனக்கும் மதலேனுக்கும் பிப்ரவரி விமானத்தில் இடம் போட்டுவிட்டார்கள். அமலோருக்கு இல்லை, அவர் அம்மா வழியில் இந்த நாட்டுக் குடிமகன். இந்த இடத்தை விட்டால் அடுத்தது உண்டா என்றே தெரியாதாம். மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா, பைத்தியக்காரத்தனம் பண்ணாதே என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆள் இல்லாத வீட்டைக் குழு எடுத்துக்கொள்கிறது. அவர் வந்து கதவைத் தட்டும்போது வேறு யாரோ திறக்கக் கூடாது அக்கா. நான் வரவில்லை. மதலேன் வருகிறாள். கோவில் தெருத் தாயம்மாள் அக்கா அதே விமானத்தில் வருகிறாள், உன் கையில் சேர்ப்பாள். திட்டு. பக்கத்தில் இருந்தால் அடித்தே இருப்பாய்.

கம்பளிச் சட்டை என்று அவளிடம் ஒன்றும் இல்லை, விமான நிலையத்துக்கே எடுத்துக்கொண்டு போ. பாலைக் கண்டால் முகம் சுளிப்பாள், வற்புறுத்தாதே. தமிழில் பாதி, இந்த ஊர்ப் பேச்சில் பாதியாகப் பேசுவாள். அத்தானைச் சிரிக்க வேண்டாம் என்று சொல். தலை வாரும்போது யாராவது கதை சொல்ல வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அம்மா அடுத்த விமானத்தில் வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பாள். நீயும் அதையே சொல். எத்தனை தடவை கேட்டாலும் முகம் மாறாமல் சொல், அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாளாக.

உன் தங்கை,
ஐரேன்