சரவணனின் கம்ப்யூட்டரைத் தோற்கடித்த நாள்

ஞாயிறு, இரவு

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: வேங்கிக்காலில் இன்று நடந்த மாபெரும் கம்ப்யூட்டர் யுத்தத்தில் நான் வென்றேன். சேதாரம்: என் உதடு, சரவணன் மூக்கு, ஒரு கீபோர்டு.

யாருடையது வேகம் என்று பார்க்க, சரவணன் வீட்டில் அவன் அக்கா கல்யாண வீடியோவை இருவர் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் ஃபைல் அளவைச் சுருக்கப் போட்டோம். என்னுடையது முதலில் முடித்தது.

"டேய், கிகாஹெர்ட்ஸ் என்னுதுலதானடா ஜாஸ்தி?" என்றான்.

"கிரிவலத்துல அன்னதானம் போடுறோமே, அதை நினைச்சுப் பாரு. உன் சிப்புல தட்டைக் கைமாத்துற வரிசை ரொம்ப நீளம். ஒவ்வொரு கையும் சட்டுனு முடிக்கும், அதான் கிகாஹெர்ட்ஸ் ஜாஸ்தி. ஆனா சாம்பார் சாதம் கேப்பாங்கன்னு அனுப்பிட்டே இருக்கும்போது தயிர் சாதம்னு கேட்டுட்டா, வரிசையில இருக்குற தட்டு மொத்தமும் வேஸ்ட்டு. அதுவும் பழைய ஃபேக்டரி முறையில செஞ்ச சிப்பு, சூடாகித் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். கம்ப்யூட்டரா அது? இட்லிச் சட்டி!"

கீபோர்டு என் வாயில் இறங்கியது. பட்டன்கள் தெறித்தன. நான் அவன் மூக்கில் தலையால் முட்டினேன். தரையில் உருண்டோம். அவன் கழுத்தை நெரித்தான், நான் கையைக் கடித்தேன். ரத்தம் வந்த பிறகுதான் அவன் அம்மா வந்து விளக்குமாற்றால் பிரித்தார்.

"நாளைக்கே இதை வித்துடுறேன்டா," என்று அழுதான். அவன் அப்பா கீழ்பென்னாத்தூரில் கடலைக் காட்டில் விளைந்த மல்லாட்டையை விற்று வாங்கிக் கொடுத்தது அது.

நான் சொன்ன விளக்கம் சரிதான். ஆனால் போட்டிக்கு முன், அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது, அவன் கம்ப்யூட்டர் ஃபேனை அட்டை வைத்து அடைத்தது நான்தான். சும்மா விளையாட்டுக்கு. காலையில் அவன் அதை விற்கக் கடைக்குக் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். இந்த முறை அவன் அடித்தால் திருப்பி அடிக்க முடியாது.