கொடுக்காமல் விட்ட பத்திரிகை

மகளின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறேன். விரலெல்லாம் மஞ்சள் வாசம். பட்டியலில் உன் பெயரை எழுதிய பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. உன் விஷயத்தில் எனக்கு எப்போதுமே புத்தி தாமதம்.

குரோம்பேட்டை அலுவலகத்தில் பத்து வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. நீ யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாய். திமிர் என்றார்கள். "எனக்கு ஆட்டிசம்டா. மூஞ்சியப் பாத்தா பேச்சு காதுல ஏறாது" என்று என்னிடம் மட்டும் சொன்னாய். அன்றிலிருந்து உன்னை முழுக்கத் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு நினைப்பு. டீ குடிக்க யாராவது உன்னைக் கூப்பிட வந்தால், "அவனுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும், விடுங்க" என்று நானே திருப்பி அனுப்புவேன்.

ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியபோது, கிரகப்பிரவேசத்துக்கு அலுவலகம் முழுக்கப் பத்திரிகை கொடுத்தேன். உன் மேஜையை மட்டும் தாண்டிப் போனேன். ஹோமப் புகை, நாதஸ்வரம், சொந்தக்காரக் கூட்டம். உனக்கு எதற்கு அந்தப் பேஜார் என்று நினைத்தேன். எனக்குப் பெரிய மனசு என்று மெச்சிக்கொள்ளவும் செய்தேன். வெட்கக்கேடு.

விழா முடிந்த திங்கட்கிழமை, தாம்பரம் ரயிலில் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"என்னை ஏன்டா கூப்பிடல?"

"கூட்டம் உனக்குப் புடிக்காதேன்னு..."

"கூட்டம் புடிக்காதுதான். உன்னைப் புடிக்காதுன்னு எப்ப சொன்னேன்?"

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அதனால் உனக்கு வலிக்கவில்லை என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

போன ஆடியில் நீ போய்விட்டாய். உன் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த என்னிடம் உன் அக்கா வந்து சொன்னார்.

"உங்க கிரகப்பிரவேசத்துக்குன்னு புதுச் சட்டை எடுத்து வெச்சிருந்தான் தம்பி. கூட்டத்துல எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பாக்க, ஞாயித்துக்கிழமையா பாத்து தாம்பரம் மார்க்கெட்ல போய் நின்னான். 'அரை மணி நேரம் நிக்க முடியுது அக்கா'ன்னு வந்து சொன்னான். அவ்ளோ சந்தோஷம்."



இப்போதெல்லாம் ரயிலில் யாரோடும் பேச்சில்லை. உனக்குத் தனிமை பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. யார் வருவார், யார் வரமாட்டார் என்று இனி நான் முடிவு செய்வதில்லை. எல்லோருக்கும் பத்திரிகை வைக்கிறேன். ஆனால், எனக்காக நீ மார்க்கெட்டில் நின்ற அந்த அரை மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.